கெட் என்றால் கிடைப்பது

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். ஆனால் இங்கிலீஷில் கெட் என்ற ஒரு வார்த்தையை எதனோடு சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், மூச்சு விடாமல் சொல்வேன். கெட் அப், எழுந்திரு. கெட் இன், ஏறு. கெட் டவுன், இறங்கு. கெட் ரெடி, கிளம்பு. கெட் வெட், நனைந்து போ. கெட் வெல், உடம்பு தேறு. சொல்லும்போது கல்கண்டை வாய்க்குள் உருட்டுவது மாதிரி இருக்கும். பேரப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இவ்வளவு ருசியான வார்த்தை எங்கள் வீட்டுக்கு என்ன செய்துவிட்டுப் போனது என்பது அவர்களுக்குத் தெரியாது.

நான் வாயால் சொல்வதை எழுதுகிறவர்கள் புத்தகத் தமிழாக ஆக்கிக்கொள்ளட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசினபடியே விடச் சொல்லியிருக்கிறேன். அதை மாற்றினால் அவர்கள் முகமே மாறிவிடும்.

அப்போது பாரிவாக்கத்தில் ஓடு போட்ட வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எஸ்டிடி பூத் தெருவுக்கு ஒன்றாக முளைக்க ஆரம்பித்த சமயம். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியைக் கதவடைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் திறப்பார்கள் என்று எல்லோரும் தினமும் கேட்டுக்குப் போய் நின்றார்கள். ஒரு நாள் இவர் கம்பிக்கு உள்ளே கையை நீட்டி, புதிதாக வந்த ஓர் ஆபீசரிடம் ஏதோ கேட்டிருக்கிறார். மீசை சரியாக முளைக்காத பையனாம். அவன் "கெட் அவுட்" என்று சொல்லிவிட்டான். கேட்டுக்கு வெளியே நிற்கிறவனை எப்படி வெளியே போகச் சொல்வான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். அதற்குப் பிறகு எந்தக் கேட்டுக்கும் போய் நிற்கவில்லை.

எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கெட் அதுதான்.

சாப்பாடு என் கத்தரியில் ஓடியது. எஸ்டேட்டிலிருந்து ஒருத்தர் சைக்கிளில் ரப்பர் சாமான் மூட்டை கொண்டு வந்து போடுவார். வாஷர், புஷ், இப்படிச் சின்னச் சின்னதாக. அச்சில் வார்த்து எடுத்த அதன் ஓரத்தில் தோல் மாதிரி பிசிறு நிற்கும். அதைக் கத்தரியால் சுற்றி வெட்டிக் கொடுக்க வேண்டும், கிலோ கணக்கில் கூலி. எங்கள் தெருவில் பாதி வீட்டில் அந்த ரப்பர் வாசனைதான். சோற்றிலும் அடிக்கும், தலையணையிலும் அடிக்கும். என் மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு என்னோடு உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனி கறுத்துப்போய், அதை மறைக்க எப்போதும் கையை மூடியே வைத்திருப்பாள்.

இப்படி இருக்கும்போது நசரத்பேட்டையிலிருந்து என் நாத்தனார் வந்தாள். அவள் மகன் லாரி ஓட்டுகிறவன். பெண்டாட்டி செத்துப்போய் ஒரு கைக்குழந்தையோடு நின்றான். குணம் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், குடிப்பான். என் மகளைவிட ரொம்ப மூத்தவன். அவள் குழந்தையாக இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு பூந்தமல்லி சந்தைக்குப் போனவன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்டா தம்பி, பொண்ணை மட்டும் குடு. புள்ளைக்கு ஒரு தாயி வேணும்," என்றாள் நாத்தனார்.

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை வெளியே வந்து அப்பா முன்னால் நின்றாள்.

"நைனா, எனக்கு வேலை கெடைச்சா இந்தப் பேச்சை வுட்டுடுவியா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "தை வரைக்கும் பாப்பேன். அப்பால என்னைக் கேக்காத. எத்தினி நாளைக்குத்தான் ரப்பரை வெட்டிக்கினு துன்னுவோம்?"

அவ்வளவுதான் விஷயம். வேலை கிடைத்தால் அவள் தப்பித்தாள். கிடைக்காவிட்டால் நசரத்பேட்டை.

அப்போது எந்தக் கம்பெனியில் முன்மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலை என்றாலும் முதல் கேள்வி, இங்கிலீஷ் பேசுவாயா. பூந்தமல்லியில் டிரங்க் ரோட்டில் ஒரு பாயின் அத்தர் கடைக்கு மாடியில் இங்கிலீஷ் சொல்லித் தரும் இடம் ஒன்று இருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் வகுப்பு. திரும்பி வர இருட்டிவிடும் என்பதால் துணைக்கு நான் போனேன். சும்மா உட்காருவானேன் என்று ஒரு பை ரப்பரையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். கீழே அத்தர் வாசனை, மேலே நான் கொண்டு போன ரப்பர் வாசனை. இரண்டும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும்.

வாத்தியார் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்து வைத்து அந்தப் பையே வெளுத்திருக்கும். அவர் இலக்கணம் எல்லாம் சொல்லித் தரவில்லை. வாரத்துக்கு ஒரு வார்த்தை. அது எது எதனோடு சேரும் என்பதுதான் பாடம். பலகை நடுவில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் அந்த வார்த்தையை எழுதுவார். சுற்றிலும் சைக்கிள் சக்கரக் கம்பி மாதிரி கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சேர்க்கையை எழுதுவார்.

"இங்கிலீஷ்காரன் அம்பது வார்த்தைய வச்சிக்கினு ஊரையே வாங்கிட்டான். அதுல மொதல் வார்த்தை கெட். கெட்னா கெடைக்கிறது. அதுகூட எது சேருதோ அதுக்கேத்த மாரி மாறிக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏனென்றால் நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறதே. போடு. கோலம் போடு, சோறு போடு, சண்டை போடு, தாழ்ப்பாள் போடு, கையெழுத்துப் போடு, ஊசி போடு, கூச்சல் போடு. என்னை மாதிரிக் கைநாட்டுக்காரியும் ஒரு போடை வைத்து ஊரையே ஆள்கிறேன். அதைக் கடைசி பெஞ்சிலிருந்து சொல்லிவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அதேதாம்மா. இதத்தான் இவுங்களுக்கு ஒரு வாரமா புரிய வக்கப் பாக்குறேன். நீங்களும் கூடச் சொல்லுங்க. பீஸெல்லாம் வேணாம்."

அன்றிலிருந்து நானும் பிள்ளைகளோடு சேர்ந்து கத்துவேன். கத்தரி ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கெட் லேட், கெட் டயர்ட், கெட் ஆங்ரி. அந்த கெட் என்ற எழுத்தைக்கூட அடையாளம் கண்டுபிடித்துவிட்டேன். முதலில் ஒரு கொக்கி, நடுவில் சீப்பு மாதிரி, கடைசியில் ஒரு கம்பம். பஸ்ஸில் எழுதியிருந்தால் சொல்லிவிடுவேன். என் ஆயுசில் நான் படித்த ஒரே எழுத்து.

காலையில் மகளைத் தமிழில் எழுப்புவதை விட்டுவிட்டேன். "கெட் அப், கெட் ரெடி," என்பேன். அவள் போர்வைக்குள்ளிருந்தே "கெட்டிங் லேட்டும்மா" என்பாள். தண்ணி குழாயில் நிற்கும்போது மழை வந்தால் "கெட்டிங் வெட்" என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டு ஓடி வருவோம். வீட்டுக்காரர் மட்டும் முகத்தைச் சுளிப்பார்.

"இன்னாமே இது, காலங்காத்தால கெட்டு கெட்டுன்னுகினு. ஊடு ஏற்கெனவே கெட்டுத்தான் கீது."

"கெட்னா கெடைக்கிறதுய்யா," என்பேன்.

"எனக்குக் கெடைச்சது தெரியும்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்.

சக்கரத்தில் கடைசியாக வாத்தியார் எழுதிய இரண்டு கம்பி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒன்று கெட் எ ஜாப், வேலை கிடைப்பது. பக்கத்திலேயே கெட் மேரீட், கல்யாணம் ஆவது. அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது மகளிடம், "இதுக்கு எதுக்கு இங்கிலீஷு? நம்மூருல ஐயரே கெட்டிமேளம் கெட்டிமேளம்னுதான கத்துறாரு?" என்றேன். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, கண்டக்டரே திரும்பிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான், அந்தத் துடைப்பு இன்னும் முடியவில்லை என்று கவனித்தேன். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

கார்த்திகை மழையில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். அவள் அப்பா வேலை பார்த்த இடம் இல்லை, வேறு. எதிர்வீட்டுத் திருநெல்வேலிக்காரி தன் புடவையைக் கொடுத்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஆவடியில் டிபென்ஸ் பேக்டரியில் வேலை. பல வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, எங்கள் தெருவில் மனை வாங்கி வீடு கட்டி வந்தவர்கள். மகள் எலுமிச்சம்பழத் தோலால் விரல் நுனியைத் தேய் தேயென்று தேய்த்தாள். ரப்பர் கறை போயிற்று, தோலும் கொஞ்சம் போயிற்று.

நான் கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் குடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் வெளியே வந்தபோது மழையில் நனைவதே தெரியாமல் நடந்து வந்தாள். முகமெல்லாம் பல்.

"யம்மா, எல்லாத்தையும் கெட் வச்சே பேசிட்டேன்மா. ஐ கெட் அப் அட் ஃபைவ், ஐ கெட் ரெடி, ஐ கெட் த பஸ். அந்த சார் சிரிச்சிக்கினே கேட்டாரு."

"வேலை?"

"வீ வில் கெட் பேக் டு யூன்னு சொன்னாரு."

கெட் பேக். அது எனக்குத் தெரியும். சக்கரத்தில் இடது பக்கக் கம்பி. திரும்பி வருவது. ஐ வில் கெட் பேக் பை சிக்ஸ், ஆறு மணிக்குத் திரும்பி வருவேன். அப்படியென்றால் வீ வில் கெட் பேக் டு யூ, நாங்கள் உன்னிடம் திரும்பி வருவோம்.

"அவுங்களே ஊட்டுக்கு வருவாங்களா?" என்றேன்.

"அப்படித்தாம்மா சொன்னாரு. அட்ரஸ்கூட வாங்கிக்கினாரு."

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் இது சிரிப்பு இல்லை. ஆவடியில் யாருக்காவது பேக்டரி வேலை கிடைத்தால் போலீஸ் வெரிபிகேஷன் என்று வீட்டுக்கு ஆள் வரும். குடும்பம் எப்படி, அக்கம்பக்கத்தில் நல்ல பேரா என்று தெருவில் விசாரிப்பார்கள். ஒரு வீட்டுக்கு அப்படி ஆள் வந்துவிட்டால் அந்த வீட்டில் வேலை உறுதி என்று அர்த்தம். திருநெல்வேலிக்காரியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ஆமாக்கா, எங்க வீட்டுக்காரருக்கு வேல கெடச்சப்பவும் வந்தாவள்லா. பக்கத்து வீட்டுல கேட்டாவ, பலசரக்குக் கடையில கேட்டாவ. உங்க வீட்டுக்கு வந்தா நான் சொல்லுதேன், தங்கமான புள்ளன்னு. நீங்க மொதல்ல அந்த ரப்பர் மூட்டயத் தூக்கி உள்ள போடுங்க."

ரப்பர் மூட்டை பின்கட்டுக்குப் போயிற்று. வீட்டுக்காரர் எழுந்து போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்து முன்சுவருக்கு அடித்தார். கேட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு அவர் கையில் ஒரு வேலையை அன்றுதான் பார்த்தேன். மழை ஈரத்தில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்கவில்லை, திட்டுத் திட்டாக நின்றது. எதிர்வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டோம். கிரீம் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கி யாரும் தொடாத இடத்தில் வைத்தேன்.

அதன் பிறகு வீட்டைப் பூட்டவே இல்லை. யாராவது ஒருத்தர் இருந்தோம். சொந்தத்தில் ஒரு சாவுக்குக்கூட வீட்டுக்காரர் மட்டும்தான் போய் வந்தார். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மூன்று பேரும் எழுந்து நிற்போம். அது பால்காரராக இருக்கும். உட்காருவோம்.

ஒரு நாள் பேண்ட் போட்ட ஆள் ஒருத்தர் கையில் அட்டையோடு வாசலில் வந்து நின்றார். "ஊட்டுல எத்தினி பேருமா?" என்றார். நாற்காலியில் உட்கார வைத்தேன். மகள் ஓடிப்போய் எதிர்வீட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன், டீ போட்டேன். அவர் சங்கோஜப்பட்டுச் சங்கோஜப்பட்டு நாலு பிஸ்கட் சாப்பிட்டார்.

மகள் அவர் எதிரில் நின்று, "ஐ கேன் கெட் ரெடி எனிடைம் சார்," என்றாள்.

அவர் மிரண்டு போய் என்னைப் பார்த்தார். "நான் மலேரியா ஆபீஸ்மா. தொட்டித் தண்ணில புழு கீதான்னு பாக்க வந்தேன்."

எங்கள் தொட்டியில் புழு இருந்தது. மருந்து ஊற்றிவிட்டு, சுவரில் புதுச் சுண்ணாம்புக்கு மேலே பென்சிலால் ஏதோ எழுதிவிட்டுப் போனார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு எதற்கும் சிரிப்பு வந்துவிடும், அது என் வியாதி. மகள் சிரிக்கவில்லை. பிரித்த பாக்கெட்டை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, அதே இடத்தில் வைத்தாள்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் அத்தர் கடைப் பாய் ஒரு நாள் படிக்கட்டில் எங்களை நிறுத்தினார். கடை வாசலில் எஸ்டிடி பூத் வைக்கப் போவதாகச் சொன்னார்.

"உங்க பொண்ணு மாடியில பேசுறது கீழ கேக்குதும்மா. நல்லா பேசுது. பூத்துல வந்து உக்காரட்டும். ஆம்பள ஆளுங்க தொந்தரவு இருக்காது, நான் பக்கத்துலயே இருப்பேன். மாசச் சம்பளம்."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. கதவடைப்புக்கு முன்னால் சம்பள நாளில் வருகிற முகம் அது.

"கம்பெனிக்காரன் ஊட்டுக்கு வர்றேன்னு சொல்லிக்கீறான். எம் பொண்ணு கண்ணாடிப் பொட்டில குந்திக்கினு ஊரானுக்கு நம்பர் போட்டுக் குடுக்கணுமா? பாய்க்கு ஒரு கும்புடு போட்டு வேணாம்னு சொல்லு."

மகளும் வேண்டாம் என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மறுநாள் பாயிடம், "அவளுக்குக் கம்பெனில கெடைச்சிடுச்சி பாய்," என்றே சொல்லிவிட்டேன். அவர் கையை நெஞ்சில் வைத்து, "அல்லா நல்லா வைக்கட்டும்மா," என்றார். ஒரு சின்ன அத்தர் புட்டியைச் சும்மா கொடுத்தார்.

மார்கழி முடியப் போகிறது, யாரும் வரவில்லை. வகுப்புக்கு ஒரு சாயங்காலம் நேரத்தோடே போய் வாத்தியாரிடம் கேட்டோம். பலகையில் வேறு வார்த்தை இருந்தது. சக்கரம் அதேதான்.

"எப்ப வருவாங்கன்னு தெரியல சார்," என்றாள் மகள்.

"யாரு?"

"கம்பெனிலேர்ந்து. கெட் பேக் டு யூன்னு சொன்னாங்களே."

வாத்தியார் பலகைத் துணியைக் கையில் எடுத்தார். எதையும் துடைக்காமல் நின்றார்.

"நான் கெட் பேக் மட்டுந்தாம்மா சொல்லிக் குடுத்தேன். அதுகூட டு யூ சேந்தா வேற. நேர்ல வரது இல்ல. யோசிச்சி அப்பால சொல்றோம்னு அர்த்தம்."

"அப்ப அப்பால சொல்லுவாங்கல்ல சார்?"

அவர் திரும்பிப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த இடைவெளியில் எனக்கு விளங்கிவிட்டது. இங்கிலீஷ் விளங்கியதால் இல்லை, தமிழ் விளங்கியதால்.

"சார், பொண்ணு பாக்க வந்துட்டு, பஜ்ஜி எல்லாம் துன்னுட்டு, ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்னு சொல்லிட்டுப் போவாங்களே, அதுவா?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். "அதேதாம்மா," என்றார். அன்றைக்கு நான் போடு என்று சொன்னபோது சொன்ன அதே வார்த்தை.

மகள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் பின்னாலேயே இறங்கினேன். கீழே பூத் திறந்திருந்தது. கண்ணாடிக்குள் டியூப் லைட் எரிந்தது, உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வானகரத்துப் பெண்ணாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "லைன் கெடைக்கல சார், வெய்ட் பண்ணுங்க," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில்தான் சொன்னாள்.

பாய் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். "வேலைக்குச் சேந்துடுச்சாம்மா பொண்ணு?"

"சேரணும் பாய்," என்றேன்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மகளின் கையைப் பிடித்தேன். கை மூடியே இருந்தது. பிரிக்கப் பார்த்தேன், பிரிக்க விடவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் வீட்டுக்காரர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. திட்டுத் திட்டாக இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்குக் கெட் அவுட்டு. எம் பொண்ணுக்குக் கெட் பேக்கு. இவ படிச்சவன்னு கொஞ்சம் மரியாதையா சொல்லிக்கீறாங்க."

மறுநாள் காலையில் அந்த இரண்டு நாற்காலியையும் எதிர்வீட்டில் கொண்டு போய்ப் போட்டுவிட்டு, அப்படியே நசரத்பேட்டைக்கு பஸ் ஏறினார். மகள் அவர் போவதைப் பார்த்தாள். தடுக்கவில்லை. நான்தான் வாசல்வரை ஓடினேன். "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்யா," என்றேன். "இன்னாத்தைப் பாக்குறது," என்றார். அவர் கண்ணும் சரியாக இல்லை. அவரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

தையில் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம். மாப்பிள்ளை அன்றைக்குக் குடிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவன் குழந்தை நாத்தனார் இடுப்பில் உட்கார்ந்து மாலையிலிருந்து பூவைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. தாலியைக் கையில் எடுத்ததும் ஐயர் விரலை ஆட்டிக்கொண்டு, "கெட்டிமேளம், கெட்டிமேளம்," என்று கத்தினார். மேளம் எழும்பியது. எல்லோரும் அரிசியைத் தூவினார்கள். குனிந்திருந்த மகள் தலையைத் தூக்கி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸில் அவ்வளவு சிரித்த பெண். அந்தச் சத்தத்தில் எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. கையில் இருந்த அரிசியைத் தூவ மறந்து அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

வண்டியில் ஏறும்போது திருநெல்வேலிக்காரி, "போயிட்டு வாரேன்னு அம்மாட்ட சொல்லிட்டுப் போ தாயி," என்றாள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் எதுவும் இல்லை.

"கெட் பேக் டு யூம்மா," என்றாள்.

சுற்றி நின்றவர்கள், பெண் இங்கிலீஷில் விடைபெறுகிறாள் என்று பெருமையாகச் சிரித்தார்கள். வண்டி போய்விட்டது.

நசரத்பேட்டை ஒன்றும் தூரம் இல்லை, பூந்தமல்லி தாண்டினால் வந்துவிடும். ஆனால் அவள் வரவில்லை. நான் போனால் டீ கொடுப்பாள், குழந்தையைக் குளிப்பாட்டுவாள், சட்டையில் லாரி எண்ணெய் போக வேண்டும் என்று கல்லில் அடித்துக்கொண்டே இருப்பாள். ஆடிக்கு முறைப்படி நாங்களே போய் அழைத்து வந்தோம். இரவு பாயில் என் பக்கத்தில் படுத்தாள். எவ்வளவோ பேசலாம் என்று இருந்தேன், அவள் தூங்கிவிட்டாள், அல்லது தூங்கினது போல இருந்தாள்.

காலையில் நான் எழுந்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. பழைய நாள் மாதிரியே அவள் தோளைத் தட்டினேன்.

"கெட் அப், கெட் ரெடி," என்றேன்.

போர்வை விலகியது. எழுந்து உட்கார்ந்து, தலையை முடிந்துகொண்டு, சாதாரணமாக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாமா அது?"

பிறகு பின்கட்டுக்குப் போய் ரப்பர் மூட்டையை இழுத்து வந்து போட்டு, கத்தரியைத் தேடினாள்.